காய்ச்சினாலும் போகாத பச்சை விஷம்!

குடிதண்ணீருக்குக் காவல் நிற்கும் கம்ப்யூட்டர் கண்கள்

தண்ணீரில் கோளாறு என்றால் தாய்மார்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்று உண்டு. "காய்ச்சிக் குடி!" என்பதே அந்த மருந்து.

வாந்திபேதி பரவினால் காய்ச்சிக் குடிப்பார்கள். ஆற்றில் புதுவெள்ளம் வந்து குழாய்த் தண்ணீர் கலங்கினாலும் காய்ச்சிக் குடிப்பார்கள். அது நல்ல பழக்கம். கிருமிகளைக் கொல்லும் பழக்கம்.

ஆனால் ஒரு விஷத்திடம் இந்த மருந்து பலிக்காது. அடுப்பில் வைத்து எவ்வளவு கொதிக்க விட்டாலும் அது போகாது. காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் ஆவியாகிக் குறையும். விஷம் குறையாது. ஆகவே மிஞ்சிய தண்ணீரில் விஷம் முன்னைவிடக் கூடிவிடும்!

அதுதான் பாசி விஷம். அணையிலும் ஏரியிலும் பச்சைப் படலமாக மிதக்கும் ஒருவகைப் பாசியில் உண்டாகும் விஷம்.

ஈரோடு காவிரியையும் பவானியையும் நம்பி வாழும் சீமை. இரண்டு ஆறுகளிலும் மேலே பெரிய அணைகள் இருக்கின்றன. அணையில் தேங்கிய தண்ணீர்தான் ஆற்றில் வருகிறது. குழாயிலும் வருகிறது. எனவே இந்த விஷத்தைப் பற்றி ஈரோட்டு மக்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அது குழாய்க்கு வருவதற்கு முன்பே கண்டுபிடிக்கும் கருவிகள் இப்போது வந்திருக்கின்றன. அவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

"குடிக்காதீர்கள்! காய்ச்சாதீர்கள்!"

அமெரிக்காவில் டொலிடோ என்று ஒரு நகரம் இருக்கிறது. ஈரி என்ற மிகப் பெரிய ஏரியின் கரை ஓரத்தில் உள்ள நகரம். ஏரித் தண்ணீரைச் சுத்தம் செய்துதான் அங்கே மக்கள் குடிக்கிறார்கள்.

2014-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி, சனிக்கிழமை. பொழுது விடிவதற்கு முன்பே நகராட்சி ஓர் அவசர அறிவிப்பு வெளியிட்டது.

குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். காய்ச்சவும் வேண்டாம். காய்ச்சினால் விஷம் கூடும். இதுதான் அறிவிப்பு.

4 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் திகைத்துப் போனார்கள். கடைகளில் பாட்டில் தண்ணீர் வேகமாக விற்றுத் தீர்ந்தது. காவல் படையினர் லாரிகளில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். திங்கட்கிழமைதான் தடை நீங்கியது.

பணக்கார நாடு. பெரிய சுத்திகரிப்பு நிலையம். எல்லாம் இருந்தும் மூன்று நாள் தவிப்பு! காரணம், ஏரியில் பொங்கிய பாசி.

இது என்ன பாசி?

கிணற்றுப் படிக்கட்டில் வழுக்கி விடும் பாசி வேறு. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் படியும் பாசி வேறு. இங்கே சொல்லப்படுவது நீலப்பச்சைப் பாசி.

இது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். கோடிக்கணக்கில் ஒன்று சேரும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அப்போது தண்ணீரின் மேல் பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோல் இருக்கும். துர்நாற்றம் வீசும்.

பாசி என்று பெயர் இருந்தாலும் இதை விஞ்ஞானிகள் பாக்டீரியா இனத்தில் சேர்த்திருக்கிறார்கள். சயனோபாக்டீரியா என்று அழைக்கிறார்கள். உலகின் மிகப் பழைய உயிர்களில் இதுவும் ஒன்று. 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. மனிதன் மூச்சு விடும் பிராணவாயுவைக் காற்றில் முதன்முதலாக நிரப்பியதே இதுதான்!

கொங்கு நாட்டு விவசாயிக்கு இந்தப் பெயர் புதிது அல்ல. நெல் வயலுக்கு இடும் உயிர் உரங்களில் நீலப்பச்சைப் பாசியும் உண்டு. காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துப் பயிருக்குக் கொடுப்பது இதன் வேலை. மாட்டுக்குத் தீவனமாக வளர்க்கும் அசோலாவின் இலைக்குள் குடியிருப்பதும் இந்த இனம்தான். சத்து மாத்திரையாகக் கடையில் விற்கும் சுருள்பாசியும் இதன் சொந்தம்தான்.

ஆகவே எல்லா நீலப்பச்சைப் பாசியும் விஷம் என்று நினைக்கக் கூடாது. ஒரே குடும்பத்தில் நல்ல பிள்ளையும் உண்டு. பொல்லாத பிள்ளையும் உண்டு. பொல்லாத பிள்ளைகளில் பேர் போனது 'மைக்ரோசிஸ்டிஸ்'. இதன் விஷம் ஈரலைத் தாக்கும். வேறு சில பாசிகளின் விஷம் நரம்பைத் தாக்கும்.

தமிழ்நாட்டின் பங்கு

இந்தப் பாசிகளைப் பற்றிய ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தியாவில் பாசி ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாகப் போற்றப்படுபவர் சென்னையில் பணியாற்றிய பேராசிரியர் எம்.ஓ.பார்த்தசாரதி அய்யங்கார். அவருடைய மாணவர் டி.வி.தேசிகாச்சாரி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தவர். நீலப்பச்சைப் பாசிகளுக்காகவே அவர் ஒரு பெரிய நூல் எழுதினார். 'சயனோபைட்டா' என்ற அந்த நூல் 1959-ம் ஆண்டு வெளிவந்தது. எந்தப் பாசி எப்படி இருக்கும் என்று படம் போட்டு விளக்கும் நூல் அது. பாசியை நுண்ணோக்கியில் பார்த்து இனம் காண முயலுவோருக்கு அது கைவிளக்கு ஆயிற்று.

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், கடலில் வாழும் நீலப்பச்சைப் பாசிகளைச் சேர்த்து வளர்த்துப் பாதுகாக்கும் தேசிய நிலையம் ஒன்றும் இருக்கிறது.

100 லாரித் தண்ணீரில் ஒரு கிராம்!

பாசி விஷம் எவ்வளவு பொல்லாதது?

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்லி இருக்கிறது. மைக்ரோசிஸ்டிஸ் பாசியின் முக்கியமான விஷம், வாழ்நாள் முழுவதும் குடிக்கும் தண்ணீரில், ஒரு லிட்டருக்கு ஒரு மைக்ரோ கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

மைக்ரோ கிராம் என்றால் என்ன? ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால், அதில் ஒரு பங்கு.

இப்படிப் பார்க்கலாம். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் 100 வரிசையாக நிற்கின்றன. அத்தனை தண்ணீருக்கும் சேர்த்து ஒரு கிராம் விஷம்தான் இருக்கலாம். ஒரு கிராம் என்பது சுமார் எட்டுக் குன்றிமணி எடை. அதற்கு மேல் போனால் எச்சரிக்கை தேவை!

இவ்வளவு சிறிய அளவை நாக்கு கண்டுபிடிக்காது. மூக்கு கண்டுபிடிக்காது. கண்ணும் கண்டுபிடிக்காது.

52 பேர் உயிர் இழந்தார்கள்

பாசி விஷத்தின் கதை பழைய கதை. 1878-ம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவில் ஓர் ஏரியில் பாசி பொங்கியது. அந்தத் தண்ணீரைக் குடித்த ஆடு, மாடு, குதிரைகள் சுருண்டு விழுந்து செத்தன. ஜார்ஜ் பிரான்சிஸ் என்ற ரசாயன நிபுணர் இதை ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் எழுதி உலகத்துக்குச் சொன்னார்.

மனிதர்களுக்கு நேர்ந்த பெரிய விபரீதம் 1996-ம் ஆண்டில் நடந்தது. இடம், பிரேசில் நாட்டில் உள்ள கருவாரு நகரம்.

அங்கே சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மருத்துவ நிலையம் ஒன்று இருந்தது. ஒருவருக்கு இப்படி ரத்தச் சுத்தி செய்ய நிறையத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் லாரியில் வந்தது. அது பாசி பிடித்த நீர்த்தேக்கத்துத் தண்ணீர். சரியாகச் சுத்தம் செய்யப்படவில்லை.

நோயாளிகள் 100 பேருக்கு மேல் படுத்த படுக்கை ஆனார்கள். கண் மங்கியது. வாந்தி வந்தது. ஈரல் கெட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் 52 பேரின் சாவுக்குப் பாசி விஷமே காரணம் என்று மருத்துவர்கள் கண்டார்கள். விஷம் வயிறு வழியாகப் போகாமல் நேராக ரத்தத்தில் கலந்ததால் வந்த வினை அது.

மயில்துத்தம் செய்த வேலை

"பாசி வந்தால் மருந்து அடித்துக் கொன்றுவிட வேண்டியதுதானே?" என்று கேட்கத் தோன்றும்.

அங்கேதான் ஆபத்து இருக்கிறது. பாசியின் விஷம் பெரும்பாலும் அதன் உடலுக்குள் இருக்கும். சிறிய பைக்குள் இருப்பதுபோல் அடைந்து கிடக்கும். பாசி உயிரோடு இருக்கும் வரை, பையோடு சேர்த்து வடிகட்டி எடுத்துவிடலாம். பாசியைக் கொன்றால் பை கிழியும். உள்ளே இருந்த விஷம் தண்ணீரில் கரைந்துவிடும். கரைந்த விஷத்தை மணல் வடிகட்டி பிடிக்காது.

ஆஸ்திரேலியாவில் பாம் தீவு என்று ஒரு தீவு. அங்கே குடிதண்ணீர் அணையில் பாசி பிடித்தது. தண்ணீர் நாறியது. மக்கள் முறையிட்டார்கள். பாசியைக் கொல்ல அணையில் மயில்துத்தம் போட்டார்கள். பாசி செத்தது.

சில நாட்களில் ஊரில் நோய் கண்டது. 1979-ம் ஆண்டு நவம்பர் மாதம். 148 பேர் நோயில் விழுந்தார்கள். அவர்களில் 138 பேர் குழந்தைகள்!

என்ன நோய் என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. 'மர்ம நோய்' என்றே பெயர் வைத்தார்கள். பாசிதான் காரணம் என்பது பிறகு ஆராய்ந்துதான் தெரிந்தது.

காய்ச்சுவது உதவாது, பாசி முற்றிய பிறகு கொல்வதும் உதவாது. ஒன்றுதான் உதவும். பாசி பொங்கத் தொடங்கும்போதே கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீர் எடுக்கும் குழாய்க்கு அது வந்து சேர்வதற்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும்.

மேட்டூரில் பச்சைப் படலம்

ஈரோட்டு மக்கள் குடிப்பது காவிரித் தண்ணீர். மேட்டூர் அணையில் இருந்து வரும் காவிரி, ஊராட்சிக்கோட்டையைத் தாண்டி, பவானி கூடுதுறையில் பவானி ஆற்றோடு சேர்ந்து ஈரோட்டுக்கு வருகிறது. ஊராட்சிக்கோட்டையில் தண்ணீர் எடுத்து, சுத்தம் செய்து, ஈரோடு மாநகராட்சிக்குக் கொண்டுவரும் தனிக் குடிநீர்த் திட்டமும் இருக்கிறது.

மேட்டூர் அணையில் அண்மை ஆண்டுகளில் பலமுறை பச்சைப் படலம் மிதந்திருக்கிறது. பண்ணவாடி, கோட்டையூர் போன்ற நீர்த்தேக்கக் கரை ஊர்களில் துர்நாற்றம் தாங்கவில்லை என்று மக்கள் முறையிட்டார்கள். அதிகாரிகள் நுண்ணுயிர்க் கலவையைத் தண்ணீரில் தெளித்து நாற்றத்தைத் தணிக்கப் பாடுபட்டார்கள்.

மிதந்த படலம் எல்லாம் விஷப் பாசி என்று சொல்லிவிட முடியாது. விஷம் இருக்கிறதா, இல்லையா என்பதைச் சோதனைச் சாலையில்தான் சொல்ல முடியும். ஆனால் பாசி பொங்குவதற்கு ஏற்ற இடம் அது என்பதில் சந்தேகம் இல்லை.

பாசி பொங்க மூன்று வேண்டும். ஒன்று, நல்ல வெயில். இரண்டு, ஓடாமல் தேங்கி நிற்கும் தண்ணீர். மூன்று, பாசிக்கு உணவான உரச் சத்து. கோடையில் அணை வற்றும்போது இந்த மூன்றும் ஒன்று கூடும்.

அணைக்குக் கீழேயும் தண்ணீர் தங்குதடை இல்லாமல் ஓடிவிடுவது இல்லை. மின்சாரம் எடுப்பதற்காகச் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை ஆகிய இடங்களில் கதவணைகள் கட்டி இருக்கிறார்கள். அங்கேயும் தண்ணீர் தேங்கி நிற்கும். ஆடிப்பெருக்கு வந்து ஆறு புரண்டு ஓடினால் பாசிக்கு இடம் இல்லை. ஆறு மெலிந்து நிற்கும் மாதங்களில்தான் கவனம் வேண்டும்.

59 சதுர மைலை யார் பார்ப்பது?

மேட்டூர் அணை 1934-ம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி. தண்ணீர் பிடிக்கும். அப்போது தண்ணீர் பரந்து நிற்கும் பரப்பு சுமார் 59 சதுர மைல்!

அத்தனை பரப்பையும் பரிசலில் போய்ப் பார்த்து முடிக்க எத்தனை நாள் ஆகும்? ஒரு பக்கம் பார்த்து முடிப்பதற்குள் மறுபக்கம் பாசி பொங்கி இருக்கும். பாசியும் ஓர் இடத்தில் நிற்காது. இன்று ஒரு கரையில் இருக்கும். காற்று மாறினால் நாளை எதிர்க்கரையில் ஒதுங்கும்.

பாட்டிலில் தண்ணீர் எடுத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்புவது பழைய முறை. அது நல்ல முறைதான். ஆனால் முடிவு வர நாளாகும். முடிவு வருவதற்குள் தண்ணீர் பானைக்கே வந்துவிடும்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்தவைதான் டிஜிட்டல் கருவிகள்.

ஆகாயத்தில் ஒரு கண்

முதல் கருவி, செயற்கைக்கோள்.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் 'சென்டினல்' செயற்கைக்கோள்கள் சுமார் 800 கிலோ மீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றி வருகின்றன. 'சென்டினல்-2' வகைச் செயற்கைக்கோள்கள் இரண்டு ஜோடியாக வேலை செய்கின்றன. ஒரே இடத்தை ஐந்து நாளைக்கு ஒருமுறை படம் பிடிக்கின்றன. ஒரு சின்ன வீட்டளவு இடம்கூட, அதாவது 10 மீட்டர் நீள அகலம் உள்ள இடம்கூட, அந்தப் படத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும்.

பாசிப் பச்சையைச் செயற்கைக்கோள் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சூரிய ஒளியில் பல நிறங்கள் கலந்திருக்கின்றன. பாசியில் உள்ள பச்சையம் சில நிறங்களை விழுங்கிவிட்டு மற்றதைத் திருப்பி அனுப்பும். நீலப்பச்சைப் பாசியில் பச்சையத்தோடு ஒரு நீல நிறப் பொருளும் உண்டு. அது ஆரஞ்சு நிற ஒளியை விழுங்கும். திரும்பி வரும் ஒளியில் எந்த நிறம் குறைகிறது என்று பார்த்தால், கீழே இருப்பது சாதாரணப் பாசியா, நீலப்பச்சைப் பாசியா என்பது தெரிந்துவிடும். இந்த நுட்பமான வேறுபாட்டைப் பார்ப்பதற்கு 'சென்டினல்-3' வகைச் செயற்கைக்கோள்களில் தனிக் கண் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு புள்ளி 300 மீட்டர் இடத்தைக் குறிக்கும். பெரிய ஏரிகளுக்கும் அணைகளுக்கும் அது ஏற்றது.

அமெரிக்காவில் நான்கு அரசு நிறுவனங்கள் சேர்ந்து இந்தப் படங்களைக் கொண்டு 2,000-க்கும் மேற்பட்ட ஏரிகளைக் கண்காணிக்க ஏற்பாடு செய்தன. எந்த ஏரியில் பாசி கூடுகிறது என்பதைச் செல்போனிலேயே பார்க்க வழி செய்தன.

சென்டினல் படங்களுக்குக் காசு கிடையாது. உலகில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மேட்டூர், பவானிசாகர் அணைகளின் படமும் அதில் இருக்கிறது!

தண்ணீரில் ஒரு காவல்காரன்

இரண்டாவது கருவி, மிதவை.

நீர்த்தேக்கத்தில் ஒரு மிதவையை நங்கூரம் போட்டு நிறுத்துவார்கள். அதன் தலையில் சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் தகடு இருக்கும். காலில், தண்ணீருக்குள், சில கருவிகள் தொங்கும்.

ஒரு கருவி தண்ணீரின் சூட்டை அளக்கும். ஒரு கருவி காரத்தன்மையை அளக்கும். ஒரு கருவி கரைந்திருக்கும் பிராணவாயுவை அளக்கும். பாசி பெருகினால் பகலில் பிராணவாயு ஏறும், இரவில் இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் பாசியைக் காட்டிக் கொடுக்கும். மீன்கள் விடியற்காலையில் செத்து மிதப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு கருவி சிறிய டார்ச் விளக்கு போன்றது. தண்ணீருக்குள் ஆரஞ்சு நிற ஒளியை அடிக்கும். அங்கே நீலப்பச்சைப் பாசி இருந்தால், அதில் உள்ள நீல நிறப் பொருள் சிவப்பாக மின்னும். எவ்வளவு மின்னுகிறதோ அவ்வளவு பாசி!

கால் மணிக்கு ஒருமுறை அளக்கும்படி இதை வைக்கலாம். அளந்ததைச் செல்போன் கோபுரம் வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பிவிடும். இரவு இரண்டு மணிக்குப் பாசி ஏறினாலும், பணியில் இருப்பவரின் செல்போனில் மணி அடிக்கும்.

கணக்குப் போடும் கம்ப்யூட்டர்

மூன்றாவது கருவி, கம்ப்யூட்டர்.

செயற்கைக்கோள் படம், மிதவை அனுப்பிய அளவு, காற்றின் திசை, வெயிலின் கடுமை, ஆற்றில் வரும் நீரின் அளவு எல்லாவற்றையும் அது சேர்த்துக் கணக்குப் போடும். "பாசி இப்போது இங்கே இருக்கிறது. காற்று இப்படி அடித்தால் நாளை மறுநாள் அங்கே போகும்" என்று சொல்லும். மழை வருமா என்று வானிலை நிலையம் சொல்வதைப் போல, பாசி வருமா என்று சொல்வது!

டொலிடோ நகரம் இருக்கும் ஈரி ஏரிக்கு இப்படிப்பட்ட முன்னறிவிப்பு ஒவ்வொரு கோடையிலும் வெளியாகிறது. ஏரியில் மிதவைகளும் வைத்திருக்கிறார்கள்.

நுண்ணோக்கி வேலையைச் செய்யும் கம்ப்யூட்டரும் வந்திருக்கிறது. தண்ணீர்த் துளியில் உள்ள பாசியை அது படம் பிடிக்கும். இது இன்ன பாசி என்று பிரித்துச் சொல்லும். தேசிகாச்சாரி கண்ணால் பார்த்துச் செய்ததை இயந்திரம் செய்யப் பழகிக்கொண்டு இருக்கிறது.

மணி அடித்தால் என்ன செய்வது?

மணி அடிப்பது கருவியின் வேலை. அதன் பிறகு மனிதனின் வேலை.

நீலப்பச்சைப் பாசிக்கு உடலில் காற்றுப் பைகள் உண்டு. அதனால் அது மேலே மிதக்கும். எனவே, தண்ணீரை மேலே இருந்து எடுக்காமல் ஆழத்தில் இருந்து எடுத்தால் பாசி குறைவாக வரும். பல மட்டத்தில் வாய் உள்ள கிணறு இருந்தால் இது சுலபம்.

சுத்திகரிப்பு நிலையத்தில் பாசியை உடைக்காமல் எடுக்க வேண்டும். படிகாரம் போட்டுத் திரளச் செய்து, அடியில் படிய விட்டு, மணலில் வடிகட்ட வேண்டும். பாசியோடு வரும் தண்ணீரில் எடுத்த எடுப்பிலேயே குளோரின் போட்டால், பாம் தீவில் மயில்துத்தம் செய்த வேலையைக் குளோரின் செய்துவிடும். வடிகட்டிய பிறகு குளோரின் போட்டுப் போதிய நேரம் நிறுத்தி வைத்தால், மிச்சம் இருக்கும் ஈரல் விஷத்தை அதே குளோரின் அழிக்கும். ஒரே மருந்துதான். முன்னால் போட்டால் தீமை. பின்னால் போட்டால் நன்மை!

கரைந்த விஷத்தைப் பிடிக்கக் கரித்தூளும் உதவும். விசேஷமாகப் பக்குவம் செய்த கரித்தூள் அது. விஷத்தைத் தன்மேல் ஒட்ட வைத்துக்கொள்ளும்.

இவற்றை எல்லாம் செய்யச் சில மணி நேரமாவது அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தை வாங்கிக் கொடுப்பதுதான் டிஜிட்டல் கருவியின் பெருமை.

கருவியும் ஏமாறும்

கருவி சொல்வதெல்லாம் வேதவாக்கு ஆகாது.

மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்குக் கண் தெரியாது. குறுகலான வாய்க்காலையும் சிறிய குட்டையையும் அதனால் சரியாகப் பார்க்க முடியாது. மிதவைக் கருவியின் கண்ணாடியில் பாசியும் சேறும் படிந்துவிடும். அடிக்கடி துடைக்காவிட்டால் தப்புக் கணக்குச் சொல்லும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான குறை ஒன்று உண்டு. செயற்கைக்கோளும் மிதவை விளக்கும் பார்ப்பது பாசியின் நிறத்தைத்தான். விஷத்தை அல்ல. ஒரே இனப் பாசி ஓர் இடத்தில் விஷமாகவும், இன்னோர் இடத்தில் சாதுவாகவும் இருப்பது உண்டு.

ஆகவே மணி அடித்தவுடன் ஓர் ஆள் போய்த் தண்ணீர் எடுத்து வர வேண்டும். சோதனைச் சாலையில் விஷம் உண்டா என்று பார்க்க வேண்டும். எங்கே, எப்போது போய்த் தண்ணீர் எடுக்க வேண்டும் என்பதைக் கருவி சொல்லும். ஓடிப்போய் எடுப்பதற்குக் கால் வேண்டும். பார்ப்பதற்குப் படித்த கண் வேண்டும்.

கொங்கு நாட்டில் 1,045 குளங்கள்

டிஜிட்டல் கருவி என்பது கொங்கு நாட்டுக்கு எட்டாத விஷயம் அல்ல. ஓர் உதாரணம், அத்திக்கடவு - அவினாசித் திட்டம்.

2024-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி இத்திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. பவானி ஆற்றின் உபரி நீரை, காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே எடுக்கிறார்கள். 6 நீரேற்று நிலையங்கள் அதை மேடேற்றி அனுப்புகின்றன. ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்குத் தண்ணீர் போகிறது. ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. தண்ணீர்!

இத்தனை குளங்களுக்கும் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதை ஆள் போட்டு எண்ண முடியுமா? அதற்காகச் சூரிய மின்சாரத்தில் வேலை செய்யும் கருவிகளை வைத்து, கட்டுப்பாட்டு அறையில் இருந்தே பார்க்கும்படி செய்திருக்கிறார்கள்.

ஆற்று நீரின் தரத்தைப் பார்க்கவும் இடங்கள் இருக்கின்றன. மத்திய நீர்வள ஆணையம் காவிரியில் ஊராட்சிக்கோட்டை, கொடுமுடி ஆகிய இடங்களிலும், பவானியில் சவண்டப்பூரிலும் நிலையங்கள் வைத்து, நீரின் அளவையும் தரத்தையும் பார்த்து வருகிறது.

தண்ணீரின் அளவை எண்ணத் தெரிந்த ஊருக்குப் பாசியை எண்ணுவது கடினமான வேலை அல்ல. கருவி கிடைக்கிறது. ஆகாயத்துப் படம் இலவசமாகக் கிடைக்கிறது. பாசி அறிந்த நிபுணர்களும் தமிழ்நாட்டில் உண்டு. மூன்றையும் ஒன்று சேர்க்க வேண்டும்.

பாசிக்குச் சோறு போடுவது யார்?

கருவிகள் விஷத்தைக் காட்டிக் கொடுக்கும். பாசி பொங்காமல் தடுக்க அவற்றால் முடியாது.

1973-ம் ஆண்டு கனடா நாட்டில் ஒரு சோதனை நடந்தது. டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியின் குழு, ஓர் ஏரியின் நடுவே திரை போட்டு இரண்டாகப் பிரித்தது. இரண்டு பக்கத்திலும் கரிச்சத்தும் தழைச்சத்தும் போட்டார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் மணிச்சத்தும் சேர்த்துப் போட்டார்கள். மணிச்சத்து விழுந்த பக்கம் பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டது. மறுபக்கம் தெளிவாக இருந்தது. ஆகாயத்தில் இருந்து எடுத்த படத்தில், ஒரே ஏரி இரண்டு ஏரிபோல் தெரிந்தது!

மணிச்சத்து எங்கிருந்து ஆற்றுக்கு வருகிறது? வயலுக்கு அளவுக்கு மேல் போட்ட உரம் மழையில் கரைந்து வருகிறது. ஊர்ச் சாக்கடை சுத்தம் செய்யாமல் விடப்பட்டால் அதில் வருகிறது. சலவைத் தூள் நுரையிலும் வருகிறது.

மஞ்சளும் கரும்பும் நெல்லும் விளையும் சீமை ஈரோடு. மண்ணைச் சோதித்துப் பார்த்து, வேண்டிய அளவு மட்டும் உரம் இட்டால் விவசாயிக்குக் காசு மிச்சம். ஆற்றுக்கும் நன்மை. சாக்கடையைச் சுத்தம் செய்து விட்டால் பாசிக்குப் பாதிப் பட்டினி.

வீட்டில் தெரிய வேண்டியவை

பீதி அடைய வேண்டியது இல்லை. எச்சரிக்கையாக இருந்தால் போதும்.

தண்ணீரின் மேல் பச்சைப் பெயிண்டு போல் படலம் இருந்தால் அங்கே குளிக்கக் கூடாது. குழந்தைகளை இறங்க விடக் கூடாது. காற்று அடித்து ஒதுக்கிய கரைப் பக்கத்தில்தான் பாசி கெட்டியாக இருக்கும். ஆடு மாடுகளையும் அங்கே தண்ணீர் காட்டக் கூடாது. நாய்கள்கூட இதனால் செத்திருக்கின்றன.

அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டினாலும் பயன் இல்லை. காய்ச்சினாலும் பயன் இல்லை. அதில் சோறு சமைக்கவும் கூடாது.

குழாய்த் தண்ணீரில் பச்சை நிறமோ, மண் வாடையோ, பூஞ்சண வாடையோ வந்தால் மாநகராட்சிக்கு அல்லது ஊராட்சிக்கு உடனே சொல்ல வேண்டும். வாடை வந்தால் விஷம் என்று அர்த்தம் அல்ல. வாடை இல்லாவிட்டால் விஷம் இல்லை என்றும் அர்த்தம் அல்ல. சோதித்துப் பார்க்க அது ஒரு காரணம்.

மற்ற நாட்களில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது. கிருமிகளுக்கு அதுதான் மருந்து. பாசி விஷத்துக்கு மருந்து வேறு. அது அடுப்படியில் இல்லை. அணையிலும், தண்ணீர் எடுக்கும் இடத்திலும், சுத்திகரிப்பு நிலையத்திலும் இருக்கிறது. அங்கே காவல் பலமாக இருக்கிறதா என்று கேட்பது, தண்ணீர் வரி கட்டும் ஒவ்வொரு குடும்பத்தின் உரிமை.